நடுகல் முதல் கிராபிக்ஸ் டேப்லெட் வரை: கணினியில் வரையும் பலகையின் வரலாறு

முன்னுரை

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரைகளை மீட்கும் போரில் உயிர் விட்ட வீரர்களின் நினைவாக நடப்பட்ட கற்கள் இவை. பல்லவர் காலத்தைச் சேர்ந்த, வட்டெழுத்து பொறித்த நடுகற்கள் பல இம்மாவட்டத்தில் கிடைத்துள்ளன. தருமபுரி நகரில் உள்ள அரசு அகழ்வைப்பகத்தில் அவற்றில் சிலவற்றைக் காணலாம். வில்லும் வாளும் ஏந்திய வீரனைக் கல்லில் செதுக்கிய அந்தச் சிற்பிக்கு ஒரு வசதி இருந்தது. அவனுடைய கை எங்கே இருந்ததோ, அங்கேயே அவனுடைய கண்ணும் இருந்தது!

இன்று அதே மாவட்டத்தில் ஓவிய ஆர்வம் உள்ள ஒரு மாணவர், கணினியில் வரைவதற்காக முதல் முறையாக ஒரு கிராபிக்ஸ் டேப்லெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சந்திக்கும் முதல் சிக்கல் இதுதான்: கை மேசை மேல் இருக்கிறது, கண் திரை மேல் இருக்கிறது. அதற்கும் முன்னால் இன்னொரு சிக்கல் உண்டு. கடைகளிலும் இணையத்திலும் காணும் விளம்பரங்களில் 8192, 5080, 10 அங்குலம் என்று எண்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இவற்றில் எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியது இந்தக் கருவியின் வரலாறு. டேப்லெட்டில் உள்ள ஒவ்வொரு வசதியும் ஒரு காலத்தில் இருந்த ஒரு சிக்கலுக்குத் தீர்வாக வந்ததுதான். எந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது, எது இன்னும் தீரவில்லை என்று தெரிந்துவிட்டால் தேர்வு எளிதாகிவிடும்.

கம்பி வழியே சென்ற கையெழுத்து

பேனாவின் அசைவை மின்சாரமாக மாற்றலாம் என்ற எண்ணம் கணினிக்கும் முந்தையது. தொலைபேசிக் கண்டுபிடிப்பில் கிரகாம் பெல்லுக்குப் போட்டியாக இருந்த அமெரிக்கரான எலிஷா கிரே, 1888-ஆம் ஆண்டு 'டெலாட்டோகிராப்' என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் ஊரில் ஒருவர் எழுதினால், கம்பியின் மறுமுனையில் உள்ள பேனா அதே அசைவைத் திரும்பச் செய்து காகிதத்தில் எழுதும். இன்றைய டேப்லெட்டின் மூதாதை இது எனலாம்.

திரையின் மேல் வரைந்தவர்

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இவான் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர், தமது முனைவர் பட்ட ஆய்வுக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். 'ஒளிப் பேனா' என்ற கருவியால் கணினித் திரையைத் தொட்டு அதில் நேரடியாகக் கோடு வரைய முடிந்தது. கையும் கண்ணும் இங்கே ஒரே இடத்தில் இருந்தன. ஆனால் செங்குத்தாக நிற்கும் திரையில் கையைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் வரைந்தால் தோள் வலிக்கும்.

அடுத்த ஆண்டே, அதாவது 1964-இல், ராண்ட் நிறுவனம் 'ராண்ட் டேப்லெட்' என்ற பலகையை அறிமுகப்படுத்தியது. மேசை மேல் கிடையாக வைக்கும் 10 அங்குலச் சதுரப் பலகை அது. அதன் அடியில் ஓர் அங்குலத்துக்கு 100 கோடுகள் வீதம் நுண்ணிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி மின் குறிப்பு உண்டு. பேனா அந்தக் குறிப்பை உணர்ந்து கணினிக்குச் சொல்லும். இப்படிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை அதனால் பிரித்தறிய முடிந்தது.

தோள் வலி தீர்ந்தது. ஆனால் கையும் கண்ணும் பிரிந்தன! மேசையில் வரைந்துகொண்டே திரையைப் பார்க்க வேண்டும். சிறிது பழகினால் மனித மூளை இதை ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் இதில் வியப்பான செய்தி. திரையைப் பார்த்தபடி மவுஸை நகர்த்துபவர் யாரும் தம் கையைக் குனிந்து பார்ப்பதில்லை அல்லவா? அதே பழக்கம்தான் இதுவும்.

வால் அறுந்த பேனா

1980-களில் வீட்டுக் கணினிகள் பரவியபோது, பள்ளிகளையும் வீடுகளையும் மனத்தில் வைத்து 'கோலாபேட்' போன்ற விலை குறைந்த பலகைகள் வந்தன. எனினும் ஓவியர்களுக்குப் பெரிய திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. 1983-இல் தொடங்கப்பட்ட வாக்கம் நிறுவனம், கம்பியும் மின்கலமும் இல்லாத பேனாவைக் கொண்டுவந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. பலகை ஒரு மின்காந்த அலையை வெளியிடுகிறது. பேனாவுக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் அந்த அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, பதில் அலையைத் திருப்பி அனுப்புகிறது. பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதைப் பலகை அதிலிருந்து கணக்கிடுகிறது. அழுத்தினால் தடித்த கோடு, மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு. தூரிகையின் குணம் கணினிக்குள் வந்தது இப்படித்தான்.

1990-இல் போட்டோஷாப்பும் 1991-இல் பெயிண்டரும் வெளிவந்தன. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய 'கிம்ப்' மென்பொருள் 1996-இல் இலவசமாகவே கிடைத்தது. ஓவியர்களுக்கான 'கிரிட்டா' 2005 முதல் இலவசமாகக் கிடைத்து வருகிறது.

தமிழகத்தில்...

தமிழகத்தில் கணினியை ஓவியக் கருவியாகக் கையில் எடுத்த முன்னோடிகளில் ஒருவர் ஓவியர் டிராட்ஸ்கி மருது. இவர் சென்னை கவின் கலைக் கல்லூரியில் பயின்றவர். காகிதத்தில் கோட்டைப் பழகிய பிறகே கணினிக்கு வந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

கணினி என்பதே பல கிராமத்து வீடுகளுக்கு எட்டாத பொருளாக இருந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு விகிதம் மிகக் குறைவாக இருந்த மாவட்டம் தருமபுரிதான். அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு, மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் பல வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது இப்படித்தான். அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது.

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2011-இல் தொடங்கப்பட்ட ஹூயான் போன்ற சீன நிறுவனங்களால் டேப்லெட்டின் விலை இறங்கியது. தொடக்கத்தில் அவற்றின் பேனாக்களுக்கு மின்கலமோ சார்ஜோ தேவைப்பட்டது. 2010-களின் பிற்பகுதியில் விலை குறைந்த பலகைகளுக்கும் மின்கலம் இல்லாத பேனா வந்துவிட்டது. இன்று திரை இல்லாத சிறிய டேப்லெட் சுமார் 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. கையையும் கண்ணையும் மீண்டும் ஒன்று சேர்க்கும் திரை டேப்லெட்டுக்கோ இதைப்போல் பல மடங்கு விலை.

வரலாறு சொல்லும் தேர்வு

1. திரை வேண்டுமா? முதல் டேப்லெட்டுக்கு வேண்டியதில்லை. கையும் கண்ணும் பிரிந்த சிக்கலை 1964 முதலே மனிதர்கள் பழக்கத்தால் வென்று வந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று வாரப் பயிற்சி போதும்.

2. அழுத்த நிலைகள்: 2048 நிலைகளுக்கும் 8192 நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்க நிலையில் கை உணர்வது அரிது. எண்ணைவிட முக்கியமானது, மிக மெல்லத் தொட்டாலே கோடு விழுகிறதா என்பதுதான்.

3. பேனா: மின்கலம் இல்லாத பேனாவையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்று முனைகள் தனியாகக் கிடைக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பேனா முனை சிலேட்டுக் குச்சி போலத் தேயக்கூடியது.

4. அளவு: மடிக்கணினிக்கு 6 அங்குல அகலமுள்ள பலகை போதும். பெரிய திரை என்றால் 10 அங்குலம் நல்லது. சிறு பலகையையும் பெருந்திரையையும் இணைத்தால் கை சிறிது அசைந்தாலே கோடு வெகுதூரம் ஓடிவிடும்.

5. எதில் இணைப்பது? வீட்டில் இருப்பது பழைய விண்டோஸா, லினக்ஸா என்று பார்த்து, அதற்கான இயக்கி மென்பொருள் உண்டா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். கணினியே இல்லாத வீடு என்றால், ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓ.டி.ஜி. கேபிள் மூலம் இயங்கும் டேப்லெட்டுகளும் உள்ளன.

6. வாங்கிய பின்: இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் பலகையின் நான்கு மூலைகளிலும் கோடு வரைந்து சோதித்துவிட வேண்டும்.

பட்டுக்கூடு விற்றோ தக்காளி விற்றோ பணம் சேர்க்கும் குடும்பத்தில் 3,000 ரூபாய் சிறிய தொகை அன்று. கடன் வாங்கி 25,000 ரூபாய்க்குத் திரை டேப்லெட் வாங்கிவிட்டு, "இவ்வளவு செலவு செய்தும் படம் நன்றாக வரவில்லையே" என்று ஒரு பிள்ளை சோர்ந்துபோனால், இழப்பது பணத்தை மட்டுமல்ல. அந்த வீட்டில் ஓவியம் என்ற பேச்சே அத்துடன் நின்றுவிடக்கூடும். சிறிய பலகையில் தொடங்கியவருக்கோ தவறு செய்யவும் திருத்தவும் இடம் இருக்கிறது.

முடிவுரை

எலிஷா கிரேயின் காலம் முதல் இன்றுவரை ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் இந்த வரலாற்றில் கம்பி போனது, மின்கலம் போனது, விலையும் இறங்கியது. இவை தீர்ந்துபோன சிக்கல்கள். நேரான கோடு ஒன்றைத் தயங்காமல் இழுப்பது எப்படி என்ற சிக்கலை மட்டும் எந்த நிறுவனமும் தீர்த்து விற்கவில்லை. அதைக் கைதான் கற்க வேண்டும்.

எனவே முதல் டேப்லெட் வாங்கும் தருமபுரி மாணவர், அத்துடன் பத்து ரூபாய்ப் பென்சில் ஒன்றையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் அகழ்வைப்பகத்துக்குப் போய் வரலாம். அங்குள்ள வீரனின் வில்லை முதலில் காகிதத்திலும், பிறகு திரையைப் பார்த்தபடி பலகையிலும் வரைந்து பார்க்கலாம். இரண்டு வில்லும் ஒன்றுபோல வளையும் நாளில், வாங்கிய பலகை சரியான பலகைதான் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.