பிளேக் காலத்துப் பம்பாய் ஆலைகள்

கொள்ளைநோய்க் காலத்தில் தொழிலாளியின் பாதுகாப்பு ஆலை வாசலோடு முடிவதில்லை. அவர் வாங்கும் கூலியும் படுக்கும் இடமும் அதில் அடங்கும். இதற்கு 1896-ஆம் ஆண்டுப் பம்பாயே சான்று. அந்தச் செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வீகாஸ் பிளேக்கைக் கண்டறிந்தார். நகராட்சி சாக்கடைகளில் கிருமிநாசினியைக் கொட்டியது, நோயாளிகளை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. போனவர் திரும்பமாட்டார் என்ற அச்சம் பரவியது. அக்டோபர் இறுதியில் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள். பிறகு கூட்டம் கூட்டமாகச் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மாதக் கூலியைப் பிடித்துவைத்து ஆளைக் கட்டிப்போடும் வழக்கம் அப்போது ஆட்டம் கண்டது. ஆலைகள் தெருமுனையில் போட்டிபோட்டு, அன்றன்றே கூலி தருவதாக ஆள் பிடித்தன. எந்தச் சட்டமும் தராத பேரம் பேசும் வலுவை, விந்தையாக, ஒரு நோய் தந்தது.

எலித் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று பால் லூயி சிமோன் சொன்னது 1898-ல்தான்; அதற்குமுன் முதலாளிகள் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நெரிசலும் காற்றோட்டமின்மையும் ஆபத்து என்பது அன்றைக்கே எல்லோரும் ஏற்ற கருத்து. இருந்தும், அதே 1898-ல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை தொடக்க ஆண்டுகளில் கட்டிய வீடுகளைவிட இடித்தவையே அதிகம். அறிவியலாளர் ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் தடுப்பூசி பல உயிர்களைக் காத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவரும் இரவில் அதே நெரிசலான ஒற்றை அறைக்குத்தான் திரும்பினார். 1897-ன் கொள்ளைநோய்ச் சட்டத்தில் கூலி பற்றியோ குடியிருப்பு பற்றியோ ஒரு வரியும் கிடையாது. 2020-ல் கொரோனாவுக்கும் இந்தியா கையிலெடுத்தது அந்தச் சட்டத்தைத்தான்.