தாத்தாவின் சைகோன் வெள்ளி

சென்ற மாதம் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது தாத்தாவின் வெள்ளி நாணயம் கைக்கு வந்தது. பார்த்ததும் திக்கென்றது. ஒரு பக்கம் பச்சை பூத்து, தொட்டால் பிசுபிசுத்தது.

புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்குச் சைகோன் என்றால் விளக்கம் தேவையில்லை. அந்நாளில் பிரெஞ்சு படித்தவர்கள் கப்பலேறி அங்கே கணக்கராகவும் வரி வசூலிப்பவராகவும் போலீசாகவும் போனார்கள். தாத்தாவும் அங்கே ஒரு குமாஸ்தா. அவர் கொண்டுவந்தவற்றில் இந்த ஒன்றுதான் மிச்சம்.

இதன் பெயர் 'பியாஸ்தர் தெ கொமேர்ஸ்', அதாவது வணிக நாணயம். அக்காலத்தில் கீழ்த்திசை வியாபாரிகள் மெக்சிகோ வெள்ளி டாலரைத்தான் நம்பினார்கள். அதற்குப் போட்டியாக 1885இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவுக்கென்று இதை அச்சடித்தார்கள். எடை 27.215 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, மீதி செம்பு. மெக்சிகோ டாலரைவிட இதில் வெள்ளி சற்றே கூடுதல். சனங்கள் சும்மா இருப்பார்களா? புதியதைப் பதுக்கிக்கொண்டு பழையதைச் செலவழித்தார்கள். 1895இல் எடையை 27 கிராமாகக் குறைத்தார்கள்.

தாத்தாவுடையது 1926இல் பாரீசில் அடித்தது. அதற்கு அடையாளமாக 'ஆ' என்று உச்சரிக்கும் முதல் பிரெஞ்சு எழுத்து இருக்கிறது. பின்பக்கத்தில் தரமும் எடையும் பொறித்திருக்கும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டக் கற்ற புதிதில் ஆயாவுக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். முன்பக்கத்தில் தலையைச் சுற்றிக் கதிர்களோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவள் பிரெஞ்சுக் குடியரசின் சுதந்திர தேவி. ஆயாவுக்கோ அவள் லட்சுமிதான். வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்குக் குங்குமம் வைப்பார். அந்தச் சிவப்பு இன்னும் மடிப்புகளில் ஒட்டியிருக்கிறது.

பச்சைக்குக் காரணம் நான்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று முப்பது வருஷத்துக்கு முன் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். அது பி.வி.சி. உறை. நாளாக ஆக அது அமிலத்தைக் கசிய விடும். அந்த அமிலம் நாணயத்திலுள்ள செம்பைத் தின்று பச்சையாகும்.

நாணயம் சேர்க்கும் நண்பரிடம் காட்டினேன். "புளி, சாம்பல், பல்பொடி எதுவும் கூடாது, சார். தேய்த்தால் கீறல் விழும், மதிப்பும் போய்விடும்" என்றார். வெளிநாட்டில் இதைச் சீர்செய்து தரும் நிறுவனங்கள் உண்டாம். ஆனால் கட்டணமும் தபால் செலவும் நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும். 1926 அபூர்வமான வருஷமும் அல்ல.

எனக்குக் காசைவிட வேறொரு கவலை. அவர்கள் கண்ணுக்குப் பச்சையும் அழுக்கு, குங்குமமும் அழுக்கு. இரண்டும் போய்த்தான் திரும்பி வரும்.

அப்படியே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் அது தவறு என்றார். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். அது மெல்லிய படலம், பயமில்லை. இந்தப் பச்சை அப்படியல்ல, விட்டால் அரித்துக்கொண்டே போகும். பழைய செப்புத் திருமேனிகளைத் தின்னும் பச்சை நோயும் குளோரைடால் வருவதுதானாம். அதற்கெல்லாம் வைத்தியம் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே வேதியியல் கூடம் ஏற்படுத்திவிட்டார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

சுத்தமான அசிட்டோன் பிளாஸ்டிக் பிசினைக் கரைக்கும், வெள்ளியைத் தொடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். வழக்கமாக நாணயத்தை முழுதாக ஊறப்போடுவார்கள். அப்படிச் செய்தால் குங்குமமும் கிளம்பிவிடலாம். நல்லவேளையாகப் பச்சை முழுதும் எழுத்துள்ள பின்பக்கத்தில்தான் இருந்தது.

மொட்டைமாடியில், அடுப்பு நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், பஞ்சை அசிட்டோனில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை. ஏழெட்டுப் பஞ்சு பச்சையாகி வந்த பிறகு பிசுபிசுப்பு போயிற்று. அரித்த இடத்தில், எடை பொறித்த வரிக்குப் பக்கத்தில், மங்கலான ஒரு திட்டு நின்றுவிட்டது. அது என் அஜாக்கிரதையின் கணக்கு, இருக்கட்டும்.

இப்போது நாணயம் பி.வி.சி. இல்லாத வட்டப் பெட்டியில் இருக்கிறது. பேத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தப் பக்கம் சிவப்பை மறந்துட்டீங்களே" என்றாள். உட்காரவைத்து ஆயாவின் கதையைச் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் பழைய காசுகள் பிளாஸ்டிக் உறையில் இருந்தால், இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.