மூதூர்ப் புளியமரமும் வேடரின் வில்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் தரம் 9 வகுப்பில் இலங்கையின் ஆதிக்குடிகள் பற்றிப் பேச்சு வந்தது. கரும்பலகையில் ஒரு வேடரை வரைந்தேன். தோளில் சிறு கோடாரி, கையில் ஆளுயர வில். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினான். மூதூர் கிழக்குப் பக்கத்துப் பிள்ளை. “சேர், எங்கட அப்பப்பாவும் வேடர்தான் எண்டு வீட்டில சொல்லுவாங்க. ஆனா எங்கட வீட்டில வில்லு இல்லையே, வலைதான் இருக்கு” என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் பதிலும் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வில். வேடரின் வில் ஒற்றை மரத்தில் செய்வது. பார்த்தால் வெறும் தடி போல இருக்கும். செய்து பார்த்தால்தான் அதன் வேலை தெரியும். முடிச்சும் கிளைவெட்டும் இல்லாத, நேராக வளர்ந்த இளமரம் வேண்டும். அதை வெட்டி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். பிறகு சீவுவது. இங்கேதான் அறிவு இருக்கிறது.

வில்லை வளைக்கும்போது வெளிப்புறம் இழுபடும், எய்பவரைப் பார்க்கும் உட்புறம் நசுங்கும். வெளிப்புறத்தை முதுகு என்றும் உட்புறத்தை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். முதுகில் கத்தி படக்கூடாது. மரத்தின் நார் அங்கே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடவேண்டும். ஓரிடத்தில் அறுந்தால் வில் அந்த இடத்திலேயே முறியும். ஆகவே சீவல் எல்லாம் வயிற்றுப் பக்கம்தான். நடுவில் தடிப்பு, இரு முனைகளுக்கும் போகப்போக மெலிவு. கொஞ்சம் சீவி, கொஞ்சம் வளைத்து, இரண்டு கையும் ஒரே அளவாக வளைகிறதா என்று பார்த்து, விறைப்பான பக்கத்தை மட்டும் திரும்பவும் சீவவேண்டும். கூடச் சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. நாணுக்கு மரப்பட்டை நாரைத் திரிப்பார்கள். அம்புத்தண்டுக்கு வினாங்கு மரம், சிங்களத்தில் வெலங் என்பார்களே, அதுதான். அம்பின் பின்பக்கம் மயிலிறகு.

நம் பிள்ளைகளுக்கு வில் என்றால் உஹத் மலையடியில் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளிகள் நினைவுக்கு வருவார்கள். தொலைக்காட்சித் தொடர்களின் புண்ணியத்தில் துருக்கியரின் வில்லும் நினைவுக்கு வரும். துருக்கியரின் வில் வேறு சாதி. மரத்தோடு கொம்பையும் விலங்கின் தசைநாரையும் பசையால் ஒட்டிச் செய்வது. சின்னதாக இருந்தாலும் மிகப் பலமானது. ஆனால் அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. மார்கழி மாரியில் கொட்டியாரக் காட்டுக்குள் அதைக் கொண்டுபோனால் என்னவாகும் என்று யோசியுங்கள். ஒற்றை மரவில்லைப் பின்தங்கியது என்று சொல்பவர்கள் மழையை மறந்துவிடுகிறார்கள்.

மரம் என்றதும் இன்னொன்று. சமண்டலை மரத்துக்கு (சிங்களத்தில் ஹல்மில்ல) ஆங்கிலேயர் வைத்த பெயரே ‘திருகோணமலை மரம்’. வளையும், இலகுவில் முறியாது. மதராஸ் கரையின் மசூலாப் படகுகளுக்கு அது கப்பலேறிப் போனது. இந்தத் துறைமுகத்தின் பெயர் உலகத்தில் ஒரு மரத்தின் பெயராகவும் இருந்தது என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி மூதூருக்கு வருவோம். ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. புதுப் பாய்மரம் நாட்டவும் அப்படியே வியாபாரம் பார்க்கவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே சிறையிருப்பில் இறந்தார். மகன் 19 ஆண்டுகள் கழித்து, 1679 இல் தப்பி, அநுராதபுரக் காட்டு வழியாக அரிப்பில் இருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1681 இல் இலண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது.

அந்த நூலில் வேடர் பற்றிச் சில பக்கங்கள் உண்டு. அதில் ஒரு செய்திதான் என் மாணவனுக்கான பதில். வேடரிடம் வில் இருந்தது, ஆனால் இரும்பு இல்லை. அம்புமுனை வேண்டுமென்றால் இரவில் கொல்லனின் பட்டறைக்கு வருவார்களாம். வேட்டை இறைச்சியைச் சுமையாகக் கொண்டுவந்து தொங்கவிடுவார்கள். பக்கத்தில் ஓர் இலை. தங்களுக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவத்தில் அந்த இலை வெட்டப்பட்டிருக்கும். கொல்லன் அந்த அளவுக்கே அடித்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாமல் விட்டால் என்றாவது ஓர் இரவில் அம்பு வரும். (எங்கள் ஊரில் கடன் வாங்கிப்போட்டு மறைந்து திரிபவர்கள் இதைக் கவனிக்கவும்.)

முகம் காணாமல் நடக்கும் இந்தப் பண்டமாற்று பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீன யாத்திரிகர் பாஹியனும் இத்தீவின் ஆதிகாலக் கதையாக அப்படியொரு வியாபாரத்தைச் சொல்கிறார். பொருளை வைத்தவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே அவர்களைப் பேய்கள் என்று எழுதினார். நொக்ஸ் எழுதியதோ மனிதர்களைப் பற்றி.

அந்த இலையை யோசித்துப் பாருங்கள். எழுத்து வேண்டாம், பேச்சு வேண்டாம், அளவு மட்டும் சரியாகப் போய்ச் சேர்கிறது. காட்டுக்குள் தனித்து வாழ்ந்தவர்கள் என்று நாம் படிப்பிக்கிறோமே, அவர்களுடைய அம்பின் நுனியில் கிராமத்துக் கொல்லனின் உழைப்பு இருந்தது. வில் மட்டும்தான் காட்டின் பொருள். அம்புமுனை அயலாரோடு கொண்ட உறவின் பொருள்.

வலையும் அப்படித்தான். சார்ல்ஸ் செலிக்மனும் மனைவி பிரெண்டாவும் 1907–08 இல் இங்கு ஆய்வு செய்து 1911 இல் வேடர் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார்கள். அதில் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயமே உண்டு. அப்போதே அவர்கள் தமிழ் பேசி, மீன்பிடித்து வாழ்ந்தவர்கள். மட்டக்களப்புக்கு வடக்கே வாகரை தொடங்கி வெருகல், மூதூர் கிழக்கு வரை அந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள். வில் இல்லாதவன் வேடன் இல்லை என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. அப்படிச் சொன்னது கரும்பலகையில் நான் வரைந்த படம்தான்.

வில்லைப் பிடித்திருந்தவர்களுக்கும் அது நிலைக்கவில்லை. துவக்கு வந்தது, காடு சுருங்கியது. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானபோது, தலைமுறையாக வேட்டையாடிய இடத்தில் வேட்டை குற்றமானது. இன்று தம்பானைக்குப் போனால் உல்லாசப் பயணிகளுக்காக வில் வளைத்துக் காட்டுவார்கள். குறை சொல்லவில்லை, அதுவும் பிழைப்புத்தான்.

மூதூரில் நொக்ஸ் பிடிபட்டதாகச் சொல்லும் புளியமரத்தடியில் 1893 இல் கல் நட்டார்கள். பாய்மரம் தேடி வந்து அகப்பட்டவருக்குக் கல் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் குடியிருக்கும் வேடருக்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. அவர்களின் பிள்ளை தன் இனத்தைச் சொன்னால் வகுப்பு சிரிக்கிறது.

இவ்வளவையும் அடுத்த பாடத்தில் சொன்னேன். இலைக் கதைக்கு வகுப்பே அமைதியானது. இரண்டு கிழமை கழித்து அந்தப் பிள்ளை வேலியோரத்தில் வெட்டிய ஒரு கம்போடு வந்தான். இடைவேளையில் நாலைந்து பேர் சேர்ந்து சீவினார்கள். நைலோன் கயிறுதான் நாண். இரண்டாம் முறை இழுக்கும்போதே ‘டக்’ என்று முறிந்தது. துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: “முதுகிலயும் சீவிப்போட்டம் சேர்.”