கண்டியில் கட்டும் பொதிக்கு லண்டனில் வரி: சிறு இணைய விற்பனையாளர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தேயிலை, மிளகு, கறுவா, பித்தளை விளக்கு, கைத்தறித் துணி போன்றவற்றை இணையத்தில் விற்று வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் தமிழர்களுக்கு முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ வாழும் உறவினர்தான். 1983க்குப் பின் சிதறிய குடும்பங்கள் இன்று ஒன்றுக்கொன்று விற்பவராகவும் வாங்குபவராகவும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் உதவிப் பணத்தை நம்பியிருந்த வீடு சொந்த உழைப்பில் நிற்பதற்கு இது ஒரு வழி. ஆனால் வாடிக்கையாளர் எதிர்பாராத வரியையும் கட்டணத்தையும் தபால்காரரிடம் கட்ட நேர்ந்தால், அடுத்த முறை அவர் வாங்கமாட்டார். பொதி திரும்பி வந்தால் அனுப்பிய செலவும் விற்பவர் தலையில்தான்.

வரி எங்கே விழுகிறது?

விற்பனை வரியைப் பொறுத்தவரை உலகின் பெரும்பாலான நாடுகள் ஒரே கொள்கையைப் பின்பற்றுகின்றன. பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அங்கேதான் வரி. ஏற்றுமதி செய்யும் நாடு தன் வரியை விட்டுக்கொடுக்கும், இறக்குமதி செய்யும் நாடு தன் வரியை அறவிடும். "ஏற்றுமதிக்கு வரி இல்லை" என்பது இதில் பாதி உண்மைதான். மற்றப் பாதி வாங்குபவரின் நாட்டில் இருக்கிறது.

சுங்கத் தீர்வை வேறு, விற்பனை வரி வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு வழங்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை சுங்கத் தீர்வைக்கானது. பெறுமதி சேர் வரியை அது குறைக்காது.

இலங்கைப் பக்கம்

இலங்கையில் பெறுமதி சேர் வரி, அதாவது வற் வரி, 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அறவிடப்படுகிறது. 2024 ஜனவரி 1 முதல் அதன் வீதம் 18 சதவீதம். அன்று முதல் பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா, அல்லது காலாண்டுக்கு 15 மில்லியன் ரூபா விற்பனை. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஆண்டு எல்லையை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தது. வீட்டிலிருந்து விற்கும் பெரும்பாலானோர் இந்த எல்லைகளுக்கு மிகக் கீழேயே இருப்பார்கள்.

பதிவு செய்தவருக்கு ஏற்றுமதி "பூச்சிய வீத" விற்பனையாகும். அவர் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் வற் அறவிட வேண்டியதில்லை. அத்துடன், பொருளை வாங்கும்போது தான் கட்டிய வற் வரியையும் மீளக் கோரலாம். வரி விலக்குப் பெற்ற விற்பனைக்கு இந்த மீளக் கோரும் உரிமை இல்லை. பதிவு செய்யாதவராலும் மீளக் கோர முடியாது, அது அவருடைய செலவுக் கணக்கில்தான் சேரும்.

வற் பதிவு தேவையில்லை என்பதால் வேறு எதுவும் தேவையில்லை என்று ஆகிவிடாது. தனிநபர் வியாபாரத்தைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். வரி இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பெற வேண்டும். வருமான வரி தனியானது. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கான ஆண்டு நிவாரணம் 1.8 மில்லியன் ரூபா, அதற்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி உண்டு. தேயிலையை வர்த்தக ரீதியில் ஏற்றுமதி செய்யத் தேயிலைச் சபையின் பதிவும் வேண்டும்.

பொருள் ஏற்றுமதியால் கிடைக்கும் வெளிநாட்டு நாணயம் 180 நாட்களுக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. உறவினருக்கு விற்கும்போது பணத்தை உண்டியலில் வாங்கிக்கொள்வது வசதியாகத் தோன்றலாம். ஆனால் அப்படி வந்த பணத்துக்கு வங்கி ஆதாரம் இருக்காது. பின்னர் கடன் கேட்கும்போதோ, வரி அலுவலகம் கணக்குக் கேட்கும்போதோ காட்ட எதுவும் மிஞ்சாது.

வாங்குபவரின் நாட்டில்

பிரித்தானியா: 15 பவுண் வரையான சலுகை 2021 ஜனவரி 1இல் நீக்கப்பட்டது. 135 பவுணுக்கு மேற்படாத பொதிக்கு 20 சதவீத வற் வரி விற்பனை நடக்கும்போதே அறவிடப்படுகிறது. சந்தைத் தளம் ஒன்றின் ஊடாக விற்றால் அந்தத் தளமே வரியைக் கட்டும். சொந்த இணையத்தளத்தில் நேரடியாக விற்றால் பிரித்தானிய வரித் திணைக்களத்தில் விற்பனையாளரே பதிய வேண்டும், வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்ச எல்லை கிடையாது. தேயிலை, மிளகு போன்ற உணவுப் பொருட்களுக்கு அங்கு பூச்சிய வீதம், பித்தளை விளக்குக்கு முழு வீதம். 40 பவுண் விளக்குக்கு அனுப்பும் கட்டணமாக 20 பவுண் வாங்கினால், 60 பவுணுக்கும் வரி கணக்கிடப்படும். அது 12 பவுண்.

ஐரோப்பிய ஒன்றியம்: 22 யூரோ வரையான சலுகை 2021 ஜூலை 1இல் முடிந்தது. 150 யூரோ வரையான பொதிகளுக்கு ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற ஒரே பதிவின் மூலம் எல்லா உறுப்பு நாடுகளின் வரியையும் கட்டலாம். ஆனால் இலங்கையிலிருந்து பதிபவர் அங்குள்ள இடைமுகவர் ஒருவரை நியமிக்க வேண்டும், அது சிறு விற்பனையாளருக்குச் செலவான வேலை. சந்தைத் தளங்கள் தாமே இதைச் செய்கின்றன. பொது வீதம் ஜேர்மனியில் 19, பிரான்ஸில் 20, டென்மார்க்கில் 25 சதவீதம். ஜேர்மனியில் தேயிலைக்கு 7 சதவீதம். 2026 ஜூலை முதல் இத்தகைய சிறு பொதிகளில் உள்ள பொருட்களுக்கு 3 யூரோ சுங்கத் தீர்வை அறவிடவும் ஒன்றியம் தீர்மானித்துள்ளது.

சுவிற்சர்லாந்து: இறக்குமதி வரி 5 பிராங்க் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அறவிடப்படாது. பொது வீதம் 8.1 சதவீதம் என்பதால், அனுப்பும் கட்டணத்துடன் ஏறக்குறைய 62 பிராங்க் வரை இந்தச் சலுகை கிடைக்கும். உணவுக்கான வீதம் 2.6 சதவீதம், எனவே அதற்கான எல்லை இன்னும் உயரும்.

நோர்வே: வோயெக் என்ற முறை 2020 ஏப்ரலில் தொடங்கியது. 3,000 குரோனருக்குக் குறைந்த பொருட்களுக்கு 25 சதவீத வரியை விற்பவரோ தளமோ முன்கூட்டியே அறவிடுவார். உணவுப் பொருட்கள் இந்த முறைக்குள் வராது, அவை வழமையான சுங்க நடைமுறையில் செல்லும்.

கனடா: தபாலில் வரும் 20 கனடிய டொலர் வரையான பொருளுக்கு வரி இல்லை. அதற்கு மேல் வரியும் கையாளும் கட்டணமும் பெறுபவரிடம் கேட்கப்படும். ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 சதவீதம். தேயிலை போன்ற அடிப்படை உணவுகளுக்குப் பூச்சிய வீதம்.

அவுஸ்திரேலியா: 2018 ஜூலை 1 முதல் 1,000 டொலர் வரையான பொருட்களுக்கு 10 சதவீத வரி உண்டு. ஆனால் அந்நாட்டுக்கான விற்பனை ஆண்டுக்கு 75,000 அவுஸ்திரேலிய டொலரை எட்டும் விற்பனையாளரோ தளமோதான் அதை அறவிட வேண்டும். நேரடியாக விற்கும் சிறியவருக்கு இது நிம்மதி. தாவரப் பொருட்களுக்கான தனிமைப்படுத்தல் பரிசோதனை வேறு விடயம்.

அமெரிக்கா: விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2018இல் உயர் நீதிமன்றம் வேஃபெயார் வழக்கில் வழங்கிய தீர்ப்பின் பின், மாநிலத்தில் கடை இல்லாத விற்பனையாளரிடமும் வரி கேட்க முடியும். இருந்தும் மாநிலங்கள் விற்பனை எல்லை ஒன்றை வைத்திருக்கின்றன. பெரிய மாற்றம் சுங்கத்தில்தான் வந்தது. 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஓகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது.

"அன்பளிப்பு" என்று எழுதலாமா?

உறவினருக்கு அனுப்பும் பொதியில் "அன்பளிப்பு" என்று எழுதிவிட்டால் வரி வராது என்ற பேச்சு பரவலாக உண்டு. அன்பளிப்புக்குத் தனிச் சலுகை இருப்பது உண்மை. பிரித்தானியாவில் 39 பவுண், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, கனடாவில் 60 டொலர் வரை அது பொருந்தும். ஆனால் பணம் வாங்கி அனுப்பியது அன்பளிப்பு அல்ல. அப்படி எழுதுவது பொய்ப் பிரகடனம். பொதி பறிமுதல் செய்யப்படலாம், தண்டம் விதிக்கப்படலாம். அந்த நாட்டில் சுங்கத்தின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பொதியைப் பெறும் உறவினர். அகதியாகச் சென்று, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வதிவிட உரிமை பெற்ற ஒருவரை சில பவுண்களுக்காக அந்த நிலையில் நிறுத்துவது நியாயமல்ல.

பொதி கட்டுமுன்

விலையை நாடுவாரியாகத் தீர்மானியுங்கள். வரி விலைக்குள் அடங்குமா, பெறுபவர் கட்ட வேண்டுமா என்பதை விற்பனைப் பக்கத்திலேயே தெளிவாக எழுதுங்கள். முன்கூட்டியே தெரிந்த வரிக்காக வாடிக்கையாளர் கோபிப்பது குறைவு.

தபாலின் சுங்கப் படிவத்தில் "பொருட்கள்" என்று பொதுவாக எழுதாமல் "கறுப்புத் தேயிலை, 500 கிராம்" என்பதுபோல் ஆங்கிலத்தில் திட்டமாக எழுதுங்கள். எச்.எஸ். குறியீட்டையும் சேருங்கள். தேயிலை 0902, மிளகு 0904, கறுவா 0906, கராம்பு 0907 என்ற தலைப்புகளில் வரும். தளம் ஏற்கனவே வரி அறவிட்டிருந்தால் அது தரும் வரி இலக்கத்தைப் பொதியின் விபரங்களில் சேர்க்க மறக்க வேண்டாம். அது விடுபட்டால் வாடிக்கையாளரிடம் இரண்டாம் முறையும் வரி கேட்கப்படலாம்.

விலைப்பட்டியல், தபால் பற்றுச்சீட்டு, வங்கிக்குப் பணம் வந்த பதிவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒன்றாகக் கோவைப்படுத்தி வையுங்கள். வீதங்களும் எல்லைகளும் அடிக்கடி மாறுபவை. புதிய நாடொன்றுக்கு முதல் பொதியை அனுப்புமுன் அந்நாட்டு வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தை ஒருமுறை பார்ப்பது அரை மணி நேர வேலைதான்.