சுவரும் சட்டமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முதுமொழி. ஒருகாலத்தில் சித்திரமும் சுவரும் ஓருடலாகவே வாழ்ந்தன. இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த பனமலைக் கோயிலில் சுண்ணப் பூச்சின் மீதே உமையின் வடிவம் தீட்டப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சு உதிர்ந்த இடத்தில், அதனடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். காரை வெறும் பூச்சன்று. வரலாற்றைக் காக்கும் ஏடு என்பதற்கு அது சான்று.

1894இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவியபின் தெய்வப் படங்கள் காகிதத்தில் வீடுதோறும் நுழைந்தன. திருவண்ணாமலைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976) சிலகாலம் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர். பின்னர் நாடகக் குழுக்களுக்குத் திரை தீட்டி, கோவில்பட்டியில் நிலைகொண்டார். அவர் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் நாட்காட்டிகளாகித் தமிழகமெங்கும் பரவின.

சுவரைவிட்டு விலகிய சித்திரம் கண்ணாடிக்குள் புகுந்து மீண்டும் சுவரையே நாடியது. அங்குதான் இடர் தோன்றிற்று. மணலும் சுண்ணாம்பும் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசிய காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல இறுகுவது. மூச்சுவிடும் தன்மையது, ஆயினும் சுத்தியலின் அதிர்ச்சியைத் தாங்காதது. ஓர் ஆணி அறைந்தால், காரை செங்கல்லினின்று பிடிவிட்டுப் பாளமாகப் பெயரும்.

இதற்குத் தச்சர் கண்ட வழி எளியது. சுவரில் மரமுளைகளைப் பதித்து, அவற்றின்மேல் நீண்ட மரச்சட்டம் ஒன்றை இறுக்கினர். ஆணிகள் சுவரிலன்றி மரத்திலேயே இறங்கின. பாரமும் ஓரிடத்தில் குவியாமல் பல முளைகளுக்குப் பகிர்ந்தது. ஐரோப்பிய இல்லங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவரின் மேற்பகுதியில் மரவிளிம்பு ஓட்டி, கொக்கியிலிருந்து கயிற்றில் படம் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. நம் வீடுகளில் படத்தின் அடி சுவரைத் தொட, தலை முன்சாய்ந்து நின்றது. தரையில் அமர்ந்தவர் கண்ணுக்கு உருவம் நேர்பட்டது. பின்புறம் காற்று உலவியதால் சுவரின் ஈரம் காகிதத்தை எளிதில் அண்டவில்லை. அவ்விடைவெளியில் சிட்டுக்குருவிகளும் கூடுகட்டின.

இன்று பழைய வீடுகள் புதுப்பிக்கப்படும்போது சட்டம் முதலில் கழற்றப்படுகிறது. காரையின்மேல் சிமெண்டு ஏறுகிறது. சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைக்க, உப்புப் பூத்துப் பழஞ்சுவர் நலிகிறது. பேணுவோர் செய்யத்தக்கது கடினமன்று. சுவரை விரலால் தட்டி, வெற்றோசை எழும் இடத்தை விலக்க வேண்டும். அறையாமல் துளையிட்டு, காரையைக் கடந்து செங்கல்வரை முளை செலுத்தித் திருகாணியால் சட்டத்தைப் பொருத்த வேண்டும். பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்பாலேயே மூட வேண்டும்.

முன்னோர் முகங்கள் பலவற்றுக்கு ஒரே ஒரு நிழற்படமே எஞ்சியிருக்கிறது. அது விழுந்து கண்ணாடி நொறுங்கினால் மறுபடி எடுக்க இயலாது. சித்திரம் காக்க விரும்புவோர் முதலில் சுவரின் இயல்பை அறிதல் வேண்டும். முதுமொழி சொன்னதும் அதுவே.