ஓடுபாதையில் பிறந்த பந்தயத் தடங்கள்: சொந்தக் காரை முதன்முதலாகத் தடத்தில் ஓட்ட விரும்புவோருக்கு

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 வீதியை அறிந்தவர்களுக்கு இலுப்பைக்கடவை புதிய பெயரன்று. விடத்தல்தீவைக் கடந்து வடக்கே சென்றால் இலுப்பைக்கடவை. அதற்கப்பால் வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி. 2008 ஜூலையில் விடத்தல்தீவும் அதைத் தொடர்ந்து சில நாட்களில் இலுப்பைக்கடவையும் இராணுவத்திடம் வீழ்ந்தபோது, இவ்வூர்களின் பெயர்கள் உலகத் தமிழரின் செய்திகளில் அன்றாடம் அடிபட்டன. மக்கள் இடம்பெயர்ந்தனர், பின்னர் திரும்பினர். வீதி புனரமைக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும், மிதவைப் படகுக்காகக் காத்திருந்த காலம் முடிந்து, மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இவ்வீதி நேர்வழியாயிற்று.

தட்டையான நிலம், ஒருபுறம் வயலும் பற்றைக்காடும், மறுபுறம் கடலை நோக்கிய வெளி. வாகன நெரிசல் குறைவு. இப்படிப்பட்ட வீதியைக் கண்டால் இளைஞர்களின் கால் அக்சிலேற்றரில் தானாகவே அமுங்கும். விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு அந்த ஆசை இன்னும் கூடுதல். ஆனால், இலங்கைச் சட்டப்படி குடிமனைகள் நிறைந்த பகுதியில் காரின் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். வெளியே 70 கிலோமீற்றர். சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், மாலையானால் வன்னியின் மாடுகள் சூடேறிய தார் வீதியிலேயே வந்து படுத்துக்கொள்ளும். விளக்கில்லாத சைக்கிளில் வேலை முடிந்து வீடு திரும்புவோரும் இதே வீதியில்தான் செல்கின்றனர்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் சாரதி ஆபத்தைக் கண்டு பிறேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் கார் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். உலர்ந்த வீதியில் நிற்பதற்கு மேலும் 20 மீற்றர் வேண்டும். வேகத்தை 120 ஆக்கினால் முதல் தூரம் இருமடங்காகும். ஆனால் இரண்டாவது தூரம் நான்கு மடங்காகும். 37 மீற்றரில் நின்ற கார் இப்போது 110 மீற்றருக்கும் அப்பால்தான் நிற்கும். மாட்டைக் கண்டபின் இந்தக் கணக்கைப் போட அவகாசம் கிடையாது.

ஆகவே வேகம் பார்க்க விரும்புபவர் அதற்கென்றே உள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும். மேலை நாடுகளில் "ட்ராக் டே" என்ற பெயரில், பந்தயத் தடங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். எவரும் தம் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். அங்கே போட்டியில்லை, பரிசுமில்லை. இவ்வழக்கம் எப்படி வந்தது என்பது சுவையான வரலாறு. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

பொதுவீதியிலிருந்து விலகிய கதை

மோட்டார் பந்தயங்கள் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் பொதுவீதியிலேயே நடந்தன. 1903 மே மாதத்தில் பாரிஸிலிருந்து மட்றிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயம் அந்த முறைக்கு முதற் பேரிடி. புழுதியில் வழி தெரியாமல் கார்கள் மரங்களிலும் மக்கள் கூட்டத்திலும் மோதின. ரெனோ கார் நிறுவனத்தைத் தோற்றுவித்த சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ உட்படப் பலர் மாண்டனர். போர்தோ நகரத்தில் பந்தயம் நிறுத்தப்பட்டது.

இங்கிலாந்தில் அப்போது வீதி வேக எல்லை மணிக்கு 20 மைல். எனவே 1907 இல் சரே மாவட்டத்தில், தம் சொந்த நிலத்தில், புறூக்லன்ட்ஸ் என்ற தடத்தை ஒரு செல்வந்தர் அமைத்தார். பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் மோட்டார் தடம் என்று கொண்டாடப்படுவது இதுவே. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1927 இல், ஜேர்மனியில் நூர்பேர்க்றிங் திறக்கப்பட்டது. பந்தயமில்லாத நாட்களில் கட்டணம் செலுத்தி எவரும் தம் வண்டியை அங்கு ஓட்டலாம் என்ற ஏற்பாடு தொடக்க காலத்திலிருந்தே உண்டு. ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளமான அதன் வடக்குத் தடத்தில் இன்றும் அது தொடர்கிறது. ஜேர்மனியில் வாழும் நம்மவர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும்: பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் அந்நேரங்களில் சட்டத்தின் பார்வையில் அது கட்டண வீதியே. வீதிச் சட்டங்கள் அனைத்தும் பொருந்தும், நேரக்கணிப்புக்கு அனுமதியில்லை, தடுப்பு வேலியை உடைத்தால் அதற்கான செலவையும் நீங்களே கொடுக்க வேண்டும்.

பந்தயத்தை எளியவர்க்கும் எட்டச் செய்தது உலகப் போர் என்றால் வியப்பாக இருக்கும். 1945 இல் போர் முடிந்தபோது எங்கு பார்த்தாலும் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகள் கிடந்தன. அகலமானவை, மரமற்றவை, சுற்றிலும் வெறும் புல்வெளி. 1948 இல் சில்வர்ஸ்ரோன் விமானத் தளத்தில் வைக்கோற் கட்டுகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் எல்லையாக வைத்துப் பெரும் பந்தயம் நடத்தினார்கள். உலகப் புகழ்பெற்ற அத்தடத்தின் தொடக்கம் அதுதான்.

கட்டுக்குருந்தையும் சோழவரமும்

இதே கதை நம் பக்கத்திலும் நிகழ்ந்தது. இலங்கைக்கு முதல் மோட்டார் கார் 1902 இல் வந்தது. 1934 இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி ஆரம்பமாயிற்று. அது பெரும்பாலும் தேயிலைத் துரைமாரின் விளையாட்டு. தட்டைநிலப் பந்தயத்துக்கு இடம் கிடைத்தது போருக்குப் பின்னரே. களுத்துறைக்கு அருகில் கட்டுக்குருந்தையில், பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு போர்க்காலத்தில் அமைத்த ஓடுபாதை கார்ப் பந்தயத் தடமானது. கொழும்பில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது, குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கி அங்கிருந்து போர் விமானங்களைக் கிளப்பினார்கள்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்ததும் போர்க்கால ஓடுபாதையே. 1950களின் தொடக்கத்தில் மோட்டார் ஆர்வலர்கள் அங்கு கூடத் தொடங்கினர். 1953 இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் உருவாயிற்று. சோழவரத்தின் சிறப்பு என்னவென்றால், கோண்டல் மகாராஜாவின் ஜாகுவார் உறுமிய அதே தரையில், வார நாட்களில் அலுவலகத்துக்குச் சென்றுவந்த ஃபியற்றும் அம்பாசடரும் ஹெரால்டும் ஓடின என்பதே. சென்னையில் ஒரு தலைமுறையின் மோட்டார் அறிவு அந்தப் பட்டறையில்தான் வளர்ந்தது. இலங்கையிலிருந்தும் போட்டியாளர்கள் பாக்கு நீரிணையைக் கடந்து அங்கு சென்று ஓட்டினார்கள். 1990 இல் கழகம் தன் சொந்தத் தடத்தை ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் திறந்தது. நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதிக் காரின் எஞ்சினைக் கொண்டு மலிவான பந்தயக் கார்களை உருவாக்கி இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தார். 1995 இல் விமான விபத்தொன்றில் அவர் இறந்தார். செட்டிப்பாளையத்திலுள்ள தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005 இல் போர்முலா வண் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவை மண்ணின் மைந்தரே.

இதே ஆண்டுகளில் வடக்கில் நிலைமை வேறு. 1990களில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெற்றோல் தடுக்கப்பட்டபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வேகம் பற்றி எவரும் பேசவில்லை. வண்டி நகர்ந்தால் போதும். காரின் ஒவ்வோர் ஓசையையும் காதாலேயே அறிந்திருந்த அந்தச் சாரதிகளையும் மெக்கானிக்குகளையும் எந்தப் பந்தய வரலாறும் குறித்து வைக்கவில்லை. குறித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

புறப்படுமுன்

இனி, முதன்முறை தடத்துக்குச் செல்பவர் செய்ய வேண்டியவை. முதலில் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். சாதாரண ஒப்பந்தங்களிற் பெரும்பாலானவை பந்தயத் தடத்தில் ஏற்படும் சேதத்தை ஏற்பதில்லை. கடன் வாங்கி எடுத்த கார் என்றால் இருமுறை யோசியுங்கள். வாடகைக் காரைக் கொண்டு போகவே வேண்டாம்.

அடுத்தது பிறேக். முதல்முறை செல்வோர் எஞ்சினின் சக்தியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அது வீண் கவலை. தடத்தில் முதலிற் களைப்பது பிறேக்தான். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். ஒவ்வொரு வளைவிலும் அழுத்தி நிறுத்தும்போது சூடேறி அது கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதி பஞ்சுபோல் தரைவரை இறங்கும், கார் நிற்காது. ஆகவே புறப்படுமுன் புதிய, உயர் கொதிநிலை கொண்ட ஒயிலை மாற்றுங்கள். பிறேக் பட்டைகளில் பாதிக்கு மேல் கனம் இருக்க வேண்டும். டயரில் வெடிப்போ வீக்கமோ இருக்கக் கூடாது. சில்லு நட்டுகளை உரிய முறுக்குக்கு இறுக்கி, ஓட்டங்களுக்கு இடையிலும் சரிபாருங்கள். எஞ்சின் ஒயிலும் குளிர்நீரும் நிறைந்திருக்கட்டும்.

காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருத்தலாகாது. தண்ணீர்ப் போத்தல், குடை, தரைவிரிப்பு, கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் எல்லாம் வெளியே. பிறேக் மிதியின் கீழ் உருண்டு சென்ற ஒரு போத்தல் போதும். தலைக்கவசம் கட்டாயம், பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். முழுக்கைச் சட்டை, பருத்திக் காற்சட்டை, மெல்லிய அடியுள்ள சப்பாத்து. செருப்புடன் வருவோரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தடத்தின் உள்ளே

காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். கொடிகளின் மொழியை அங்கேதான் சொல்லித் தருவார்கள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து: வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது: அவதானமாகப் பிட் ஒழுங்கைக்குத் திரும்பு. நீலம், வேகமான வண்டி பின்னால் வருகிறது. கருப்பைக் காட்டினால் அது உங்களுக்கான அழைப்பு. உள்ளே வந்து காரணத்தைக் கேளுங்கள். முந்துதல் நேர்ப் பகுதியில் மட்டும். அதுவும் முன்னால் செல்பவர் கையாற் சைகை காட்டிய பிறகே.

பயிற்றுநரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ள முடிந்தால் அந்தப் பணத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். புதிய சில்லுகளுக்கும் புகைக்குழாய்க்கும் செலவிடுவதைவிட அது பன்மடங்கு பயன் தரும். முதல் இரண்டு சுற்றுகள் டயரும் ஒயிலும் சூடேறுவதற்கும், நீங்கள் தடத்தின் வழியை மனத்திற் பதிப்பதற்கும் உரியவை. வளைவுக்கு முன், ஸ்ரியரிங் நேராக இருக்கும்போதே பிறேக்கை முடித்துவிடுங்கள், பிறகு திருப்புங்கள், வளைவு விரியும்போது மெல்ல அக்சிலேற்றரைக் கொடுங்கள். கண் பொனற்றைப் பார்க்கக் கூடாது; அடுத்த வளைவைத் தேட வேண்டும். கண் போகும் இடத்துக்குத்தான் கை காரைக் கொண்டுபோகும். வளைவின் நடுவே பயந்து காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னே சாய்ந்து பின்சில்லுகள் வழுக்கும். புதியவர்கள் சுழன்று புல்வெளிக்குப் போவதற்கு முக்கிய காரணங்களில் இது ஒன்று.

அனுபவசாலிகளுக்கும் இது நேரும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றி வெளியே வந்தார். பாதுகாப்புக் கூண்டு, பந்தய ஆசனப் பட்டி, முறையான தடுப்புகள் எல்லாம் அங்கே இருந்தன. வீட்டிலிருந்து ஓட்டிச் சென்ற காரில் அவற்றிற் பாதி இராது.

குடும்பத்தை அழைத்துச் செல்பவர்களுக்குத் தனியே ஒரு சொல். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் புகுந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர்; அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். தடுப்புக்குப் பின்னால், ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டும் நில்லுங்கள். வளைவின் வெளிப்புறத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். கட்டுப்பாட்டை இழந்த கார் அந்தப் பக்கமே வரும். படம் எடுக்கும் ஆசையில் முன்னே செல்லும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஒரு தடவையில் பதினைந்து, இருபது நிமிடங்கள் போதும். மிதி மென்மையானால், கருகிய நெடி வந்தால், உங்கள் கவனம் சிதறினால் உடனே உள்ளே வாருங்கள். கடைசிச் சுற்றைப் பிறேக் தொடாமல் மெதுவாக ஓட்டிக் காரைக் குளிரவிடுங்கள். நிறுத்தியபின் கைப்பிறேக்கை இழுக்க வேண்டாம்; கியரில் விட்டுச் சில்லுக்குக் கல் வையுங்கள். சூடான பட்டை தட்டுடன் ஒட்டிக்கொள்ளும். மாலையில் "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று தோன்றும் அந்தச் சுற்றை ஓடாதீர்கள். களைத்த கையும் தேய்ந்த டயரும் ஒன்றுசேரும் நேரம் அது.

வீடு திரும்புமுன் டயர்கள் ஆறும்வரை காத்திருந்து, காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். நாள் முழுதும் வேகத்தில் ஓடிய கண்ணுக்கு மணிக்கு 90 கிலோமீற்றர் கூட ஊர்வதுபோலத் தெரியும். தேநீர் குடித்து, அரை மணி நேரம் இருந்துவிட்டுப் புறப்படுங்கள். வழியில் வேகமானியை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.