செவி வழியே வந்த அச்சம்

பேய்க் கதை படிப்பதற்காகப் பிறந்ததன்று, கேட்பதற்காகப் பிறந்தது. விக்கிரமாதித்தன் கதையையே எடுத்துக்கொள்வோம். முருங்கை மரத்திலிருந்து இறக்கித் தோளில் சுமந்து வரும் வேதாளம் மன்னனின் காதருகே கதை சொல்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அவன் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். கேட்பவனின் குரலும் மௌனமுமே கதையின் போக்கைத் தீர்மானிக்கின்றன. கதை கேட்பவர்கள் 'உம்' கொட்ட வேண்டும் என்று நம் பாட்டிமார் விதித்ததும் இந்த அறிவினால்தான். இருட்டில் சொல்பவரும் தனியாக இல்லை, கேட்பவரும் தனியாக இல்லை என்பதற்கு அந்த ஒற்றை ஒலியே சான்று.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் இந்த மரபின் தடங்கள் ஆழமானவை. சூரபத்மன் மயிலுருவில் தவமிருந்து முருகனுக்கு வாகனமான இடம் என்று மயிலம் தலபுராணம் சொல்கிறது. அசுரனின் கதை அங்கே சாந்தத்தில் முடிகிறது. மேற்கே செஞ்சியைக் கடந்து மேல்மலையனூர் சென்றாலோ கதையின் நிறம் கறுத்துவிடும். பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. அவர் ஏந்தும் பிச்சையை எல்லாம் அதுவே தின்றுவிடுகிறது. சாபமேற்ற பார்வதி புற்றாகி அமர்கிறாள். அங்கே பிச்சைக்கு வரும் கபாலத்தை, சோற்றைத் தரையில் இறைத்துக் கீழிறங்க வைத்து, பேருருக் கொண்டு காலால் மிதித்து அடக்குகிறாள். மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை நிகழ்வது இக்கதையின் நினைவாகத்தான்.

இதை மக்கள் ஏட்டில் படித்து அறிந்ததில்லை. பம்பையும் உடுக்கையும் முழங்க, வர்ணிப்பாகப் பாடக் கேட்டே அறிந்தார்கள். பாட்டின் இடையே கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வரும், குலவை எழும். அச்சம் உச்சத்தைத் தொட்டபின் சோறு இறைத்தலில் வடிந்துபோகும். பயமுறுத்துவதோடு நிற்காமல், பயத்தை இறக்கி வைக்கவும் வழி வைத்திருந்த கலை அது.

வானொலி இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ், ஹெச். ஜி. வெல்ஸின் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாவலைச் செய்தி அறிக்கை போல நாடகமாக்கி ஒலிபரப்பினார். நாடே பீதியில் ஓடியதாக நாளேடுகள் எழுதியது மிகை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆயினும் அஞ்சியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் காவல் நிலையங்களையும் நாளேட்டு அலுவலகங்களையும் தொலைபேசியில் அழைத்தார்கள். பெட்டிக்கு முன்னால் கொட்ட முடியாத 'உம்'மைத்தான் அவர்கள் வேறெங்கோ கொட்ட முயன்றார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

அச்சிலும் இதே தனிமை வந்து சேர்ந்தது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' தொகுதி 1943-இல் வெளிவந்தது. அதன் தலைப்புக் கதையில் பேய் கண்ணுக்குத் தெரிவதைவிட மூக்குக்குத் தெரிவதே அதிகம். நள்ளிரவில் வீட்டுக்குள் நுழையும் ஒரு மணமே போதுமானதாக இருக்கிறது. கேட்டுப் பழகிய ஒரு சமூகத்தின் பயத்தை, மௌனமாகப் படிப்பவரிடம் கொண்டுசேர்க்க அவர் கண்டெடுத்த உத்தி அது. 2002-இல் அவருடைய படைப்புகள் நாட்டுடைமையாயின. எவரும் உரிமைச் சிக்கலின்றி அக்கதையைக் குரலில் பதிவுசெய்ய வழி பிறந்தது. காகிதத்துக்குப் போன கதை காதுக்குத் திரும்பியது.

இன்று செல்பேசியில் தமிழ்த் திகில் கதைகளுக்குக் குறைவில்லை. கதவு கிரீச்சிடும் ஓசையும் பின்னணி இசையும் சேர்ந்த அவற்றை, விளக்கணைத்து இயர்போனில் தனியே கேட்கிறோம். வேதாளம் மீண்டும் காதருகே வந்துவிட்டது. நம் குரல்தான் அதற்கு எட்டுவதில்லை. திருவண்ணாமலையில் பவா செல்லதுரை எதிரே அமர்ந்திருப்பவர்களிடம் கதை சொல்வதை ஒளிப்பதிவில் காண்போர் இந்த வேறுபாட்டை உணரலாம். பேய்க் கதையாக இல்லாவிடினும், கேட்பவர்களின் சிரிப்பும் மௌனமும் அவர் சொல்லும் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த கி. ராஜநாராயணன், புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். சொற்கள் ஏட்டில் ஏறின, குரல்கள் ஏறவில்லை. ஏட்டுக்கு அது இயலாது. இன்று ஒரு செல்பேசிக்கு இயலும். மயிலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பம்பை வர்ணிப்பையோ ஒரு பாட்டியின் முனிக் கதையையோ பதிவுசெய்யப் புறப்படுவோரிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான். இரைச்சல் என்று கருதி, கேட்பவர்களின் குலவையையும் 'உம்'மையும் வெட்டி எறிந்துவிட வேண்டாம். அவையும் அந்தக் கதையின் சொற்களே.